டைனோசர்கள் நூறு ஆண்டு வாழ்ந்துதான் அவ்வளவு பெரிதாயினவா?

18 நவம்பர் 2023, காலை (கேள்வி)

பள்ளியில் படித்தபோது டைனோசர்கள் முதலையைப் போல மெதுவாக, சாகும்வரை வளர்ந்துகொண்டே இருந்தவை என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிப் பார்த்தால் டி. ரெக்ஸ் (டைரனோசாரஸ் ரெக்ஸ் என்ற பெரும் ஊனுண்ணி) அந்த அளவை எட்ட நூறு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். இப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை என்கிறார்கள். கல்லாய்ப்போன எலும்பை வைத்து வயது சொல்வது எனக்கு ஜோசியமாகத்தான் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

18 நவம்பர் 2023, இரவு

ஜோசியம் இல்லை. அலுப்பூட்டும் கைவேலை. எலும்பை வைரத்தூள் பதித்த வாளால் குறுக்காக அறுத்து, ஒரு பக்கத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மறுபக்கத்தை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்க்க வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் வைத்தால் வளர்ச்சி நின்ற இடங்கள் கோடுகளாகத் தெரியும். ஆண்டுக்கு ஒரு கோடு. ஆய்வுக்கூடத்தில் இந்தத் தேய்ப்பு வேலையைச் சில காலம் செய்தவன் என்பதால் சொல்கிறேன்: எண்ணுவதைவிடத் தேய்ப்பதில்தான் ஆபத்து அதிகம். கடைசிக் கோடுகள் எலும்பின் வெளி ஓரத்தில், மயிரிழை நெருக்கத்தில் இருக்கும். ஓரம் சிதைந்தால் அந்த விலங்கின் கடைசி ஆண்டுகளே போய்விடும்.

19 நவம்பர் 2023

இனி எண்கள். ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிரெகரி எரிக்சனும் குழுவினரும் 2004இல் 'நேச்சர்' இதழில் நான்கு டைரனோசாரிட் (டி. ரெக்ஸ் குடும்பத்து) இனங்களின் வளர்ச்சியைக் கணக்கிட்டார்கள். டி. ரெக்ஸ் சுமார் 14 வயதிலிருந்து 18 வயதுவரை மிக வேகமாக வளர்ந்தது. உச்சத்தில் நாளொன்றுக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல், ஆண்டுக்கு 767 கிலோ. அதன்பின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் நிற்கும் 'சூ' இறந்தபோது அதற்கு 28 வயது. சூவின் எலும்பு ஓரத்தில் கோடுகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன; வளர்ந்து முடிந்த விலங்கின் அடையாளம் அது.

நீங்கள் படித்த முதலைக் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. அவை நெடுங்காலம் வாழ்ந்து பெரிதாகவில்லை. விடலைப் பருவத்தில் சில ஆண்டுகள் வெறியோடு தின்று பெரிதாயின.

19 நவம்பர் 2023, சற்று நேரம் கழித்து

மேலே சொன்னதில் ஒரு திருத்தம் சேர்க்கிறேன். வயது கோடுகளிலிருந்து வருகிறது. எடை அப்படி வருவதில்லை. எலும்புக்கூட்டின் மேல் எவ்வளவு சதை இருந்தது என்ற மதிப்பீட்டிலிருந்து வருகிறது. 2011இல் ஜான் ஹட்சின்சன் குழு எலும்புக்கூடுகளை லேசர் கொண்டு அளந்து உடலைக் கணினியில் கட்டியெழுப்பியபோது உச்ச வளர்ச்சி ஆண்டுக்கு 1,790 கிலோவுக்கு ஏறிவிட்டது. 767 எங்கே, 1,790 எங்கே. ஆகவே நாளைக்கு 2 கிலோ என்பதை மனப்பாடம் செய்ய வேண்டாம். வயதுக்கு எதிரே எடையை வரைந்தால் வரும் வளைகோட்டின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் நிதானம், நடுவில் செங்குத்து, பிறகு சமதளம்.

22 நவம்பர் 2023

"மரத்தின் ஆண்டு வளையம் போலத்தானே, எண்ணினால் முடிந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. மரம் தன் முதல் வளையத்தைக் கடைசிவரை உள்ளே வைத்திருக்கிறது. எலும்பு வைத்திருப்பதில்லை. எலும்பு தடிக்கத் தடிக்க மஜ்ஜைக் குழி உள்ளிருந்து விரிந்து முதல் சில ஆண்டுகளின் கோடுகளைத் தின்றுவிடுகிறது. எஞ்சிய பகுதியிலும் பழைய எலும்பைக் கரைத்துப் புதிதாகக் கட்டும் வேலை நடக்கிறது. பெரிய விலங்கின் தொடையெலும்பில் தொடக்க ஆண்டுகள் காணாமல் போயிருக்கும். இளம் விலங்குகளின் எலும்பை வைத்துத்தான் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். எடை தாங்காத விலா, கணைக்காலின் சன்ன எலும்பு போன்றவற்றில் அழிவு குறைவு என்பதால்தான் 2004 ஆய்வில் அவற்றைத் தேடிப் பிடித்தார்கள்.

ஒரே தகட்டைப் பார்த்து இரண்டு பேர் இரண்டு எண் சொல்வதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு இரட்டைக் கோடாகத் தெரிவது மற்றவருக்கு இரண்டு ஆண்டு. அன்றைய தேநீர் நேரம் முழுவதும் அதிலேயே போகும்.

22 நவம்பர் 2023, மீண்டும்

"கோடு இருக்கிறது என்றாலே குளிர்ரத்த விலங்குதான்" என்பவருக்கு: அது பழைய வாதம். காட்டில் வாழும் அசைபோடும் பாலூட்டிகளின் எலும்பிலும் ஆண்டுக்கோடுகள் இருப்பதை 2012இல் மைக்கே கோலர் குழு காட்டிவிட்டது. தீவனம் குறையும் பருவத்தில் மானின் எலும்பு வளர்ச்சியும்தான் நின்று போகிறது. கோட்டை வைத்து ரத்தத்தின் சூட்டை அளக்க முடியாது. கோடுகளுக்கு இடையே உள்ள எலும்பில் ரத்தக்குழாய்கள் எவ்வளவு அடர்த்தி என்று பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

26 நவம்பர் 2023

டி. ரெக்ஸை விட்டு வெளியே வாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அதில் எலும்புக்கூடுகள் குறைவு, விளம்பரம் அதிகம். வளர்ச்சியைப் புரிந்துகொள்ள மயாசாரா என்ற வாத்துவாய்த் தாவர உண்ணிதான் நல்ல விலங்கு. அமெரிக்காவின் மொன்டானாவில் ஒரே எலும்புப் படுகையிலிருந்து 50 முழங்கால் கீழெலும்புகளை எடுத்து 2015இல் ஹாலி வுட்வர்டு குழு அறுத்துப் பார்த்தது. முதல் ஆண்டில் இறப்பு ஏறக்குறைய 90 சதவீதம். அந்த ஆண்டைத் தாண்டியவற்றில் இறப்பு சட்டென்று குறைகிறது. மூன்றாவது ஆண்டையொட்டி இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. எட்டு வயதில் எலும்பு வளர்ச்சி முடிகிறது. எட்டுக்குப் பிறகு இறப்பு மறுபடி ஏறுகிறது.

எனக்கு இதில் பிடித்தது முதல் ஆண்டுதான். பத்தில் ஒன்பது குஞ்சு சாகிற நிலத்தில், சீக்கிரம் பெரிதாவதைத் தவிர வேறு பாதுகாப்பு கிடையாது. வளர்ச்சி வேகத்தை உடல்சூட்டு விவாதமாக மட்டும் நடத்திக்கொண்டிருக்கிறோம். யார் யாரைத் தின்றார்கள் என்பதும் அதே கேள்விதான்.

2 டிசம்பர் 2023

முட்டைக்குள் எவ்வளவு நாள் என்ற கேள்விக்கு எரிக்சனிடமே பதில் இருக்கிறது. பல்லில் நாளுக்கொரு மெல்லிய படிவுக் கோடு விழும், நமக்கும் அப்படித்தான். பிறக்காத குஞ்சின் பல்லில் அந்தக் கோடுகளை எண்ணி 2017இல் கணக்குச் சொன்னார்கள்: ஆட்டளவுத் தாவர உண்ணியான புரோட்டோசெராடாப்ஸுக்குக் குறைந்தது 83 நாள், பெரிய வாத்துவாய் டைனோசரான ஹைப்பக்ரோசாரஸுக்கு 171 நாள். பறவை முட்டைகளின் கணக்கைவிட மிக அதிகம்; ஊர்வனவற்றோடு ஒத்துப்போகிறது.

வெளியே வந்தபின் பறவை, பாலூட்டிகளின் பக்கம் சாயும் வேகம், உள்ளே இருக்கும்போது பல்லியின் நிதானம். இந்த முரண்பாட்டை எந்த அருங்காட்சியகப் பலகையிலும் நான் பார்த்ததில்லை. ஆறு மாதம் கூட்டைக் காப்பதென்றால் வெள்ளம், வறட்சி, முட்டைத் திருடர் எல்லாவற்றுக்கும் ஆறு மாத வாய்ப்பு.

9 டிசம்பர் 2023

நேற்று வந்த செய்தி. இந்த விவாத இழைக்காகவே வந்ததுபோல இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 2009இல் கிடைத்த இளம் கோர்கோசாரஸ் (டி. ரெக்ஸின் உறவான டைரனோசார்) ஒன்றின் வயிற்றுப் பகுதியில் அதன் கடைசி இரண்டு வேளை உணவு அப்படியே இருந்திருக்கிறது. சிட்டிபீஸ் என்ற பறவை போன்ற சிறு டைனோசரின் கால்கள். இரண்டு விலங்குகள், இரண்டும் ஓர் ஆண்டு நிரம்பாதவை. ஒன்று மற்றதைவிட அதிகம் செரித்திருக்கிறது, ஆகவே வெவ்வேறு நேரத்தில் தின்றது. தின்றவனுக்கு வயது 5 முதல் 7, எடை 335 கிலோ அளவில். முழு வளர்ச்சி பெற்ற கோர்கோசாரஸின் பத்தில் ஒரு பங்குதான்.

முழு உடலை விழுங்கவில்லை, தொடையோடு கூடிய கால்களை மட்டும் கிழித்து எடுத்திருக்கிறது. பெரிய கோர்கோசாரஸ் பெரிய தாவர உண்ணிகளின் எலும்பில் பல்தடம் பதித்தது முன்பே தெரியும். அதனால் என் கட்சியை இப்போது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: ஒரு டைரனோசார் இனத்துக்கு "உணவு" என்று ஒரே பதில் கிடையாது. பத்து வயதுக்கு முன் அது ஒரு வேட்டைக்காரன், இருபதில் வேறொரு வேட்டைக்காரன். பெயர் மட்டும்தான் ஒன்று.

9 டிசம்பர் 2023, இரவு

"அப்பன் தின்றதைத்தான் பிள்ளையும் தின்னும்" என்று எழுதியவருக்கு: பசுவுக்குப் பொருந்தும். முட்டையிலிருந்து கையளவில் வெளிவந்து டன் கணக்கில் முடியும் விலங்குக்கு எப்படிப் பொருந்தும்?

14 ஜனவரி 2024

இந்தக் கட்சிக்குப் பெரிய அளவிலான ஆதரவு 2021இல் வந்த ஓர் ஆய்வு. கேட்லின் ஷ்ரோடர் குழு உலகெங்கும் உள்ள 43 டைனோசர் சமூகங்களை எடுத்துக்கொண்டு, ஊனுண்ணிகளை எடை வாரியாக அடுக்கியது. ஒரு டன்னைத் தாண்டிய பெரும் ஊனுண்ணி இருந்த இடங்களில், 100 கிலோவுக்கும் 1,000 கிலோவுக்கும் இடைப்பட்ட ஊனுண்ணி இனங்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. இன்றைய பாலூட்டிகளில் அப்படியொரு ஓட்டை கிடையாது. சிங்கம் இருக்கும் காட்டிலேயே சிறுத்தையும் கழுதைப்புலியும் இருக்கின்றன. டைனோசர்களில் அந்த நடு இருக்கைகளில் உட்கார்ந்திருந்தவை பெரியவற்றின் விடலைகள் என்பது அவர்கள் முடிவு.

கடியிலும் இது தெரிகிறது. எரிக்சன் 1996இலேயே டிரைசெராடாப்ஸ் என்ற மூன்று கொம்புத் தாவர உண்ணியின் இடுப்பெலும்பில் இருந்த பல்தடத்தின் ஆழத்தை அளந்து, அந்த ஆழத்துக்கு எவ்வளவு விசை தேவை என்று மாட்டெலும்பில் சோதித்துப் பார்த்தவர்: 6,410 முதல் 13,400 நியூட்டன். பிற்காலக் கணினி மாதிரிகள் வளர்ந்த டி. ரெக்ஸுக்கு 35,000க்கும் மேலே போகின்றன. 'ஜேன்' என்று பெயரிட்ட விடலை டி. ரெக்ஸின் பல்லை உலோகத்தில் வார்த்து மாட்டெலும்பில் குத்திப் பார்த்து 2021இல் சொன்ன எண் 5,600 நியூட்டனை ஒட்டியது. எலும்பை நொறுக்கும் வாய் இளமையில் இல்லை, வளர்ந்தபின் வருகிறது.

ஒரு கேள்விக்குறியை மட்டும் இங்கே போட்டு வைக்கிறேன். ஜேன் டி. ரெக்ஸ்தானா, நானோடைரனஸ் என்ற தனி விலங்கா என்ற சண்டை ஓயவில்லை. பெரும்பான்மை இன்று டி. ரெக்ஸ் பக்கம்.

15 ஜனவரி 2024

வளர்ந்த டி. ரெக்ஸ் எலும்பை நொறுக்கியதற்கு ஆதாரம் கேட்கிறவர்களுக்கு: சாணம். கனடாவின் சஸ்காட்சுவானில் கிடைத்த 44 செ.மீ. நீளக் கல்லாய்ப்போன சாணத்தை 1998இல் கேரன் சின் குழு விவரித்தது. உள்ளே இளம் தாவர உண்ணி ஒன்றின் எலும்புத் துணுக்குகள் நிறைய. அந்த மண்ணில் அந்த அளவுக்கு இடக்கூடிய ஊனுண்ணி டி. ரெக்ஸ் ஒன்றுதான். தொல்லுயிரியலில் மிக நேர்மையான சாட்சி சாணம் என்பது என் தாழ்மையான கருத்து. எலும்பு என்ன செய்திருக்க முடியும் என்று சொல்கிறது. சாணம் என்ன செய்தது என்று சொல்கிறது.

3 மார்ச் 2024

தாவர உண்ணிகளைப் பற்றி யாருமே கேட்பதில்லை. பல்லைப் பொறுத்தவரை சுவாரசியமெல்லாம் அந்தப் பக்கம்தான்.

வாத்துவாய் டைனோசரின் பல்லை எரிக்சன் குழு 2012இல் ஆராய்ந்தபோது ஆறு வகைத் திசு இருந்தது தெரியவந்தது. நம் பல்லில் நான்குக்கு மேல் இல்லை. ஒவ்வொரு திசுவும் ஒவ்வொரு வேகத்தில் தேய்வதால், இரையை மென்று தின்னத் தின்னப் பல்லின் மேற்பரப்பு தானாகவே மேடும் பள்ளமுமாகக் கூர்மை பெறும். டிரைசெராடாப்ஸில் ஐந்து வகை என்பது 2015இல் தெரிந்தது. கல்லாய்ப்போன பல்லை எந்திரத்தில் உரசி, தேய்மானத்தை அளந்து கண்டுபிடித்தார்கள். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்குப் பிறகும் அந்தத் திசுக்களின் கடினத்தில் வித்தியாசம் மிஞ்சியிருக்கிறது என்பதை முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. தேய்ப்புத் தகட்டில் பல்லை வைத்தவன் என்ற முறையில், சில பட்டைகள் மற்றவற்றைவிட மெதுவாகக் கரைவதைக் கையாலேயே உணர்ந்திருக்கிறேன். அப்போது அதைத் தொந்தரவாக மட்டுமே நினைத்தேன்.

நீள்கழுத்து டைனோசர்கள் நேர்மாறு. மெல்லவே இல்லை, பறித்து விழுங்கின. அதனால் அவற்றின் பல் மலிவானது, சீக்கிரம் மாறும். டிப்ளோடோகஸுக்கு ஓர் இடத்தில் 35 நாளுக்கொரு புதுப் பல், கமராசாரஸுக்கு 62 நாள், நைஜர்சாரஸுக்குச் சுமார் இரண்டு வாரம். பல் மருத்துவர்கள் பட்டினி கிடக்க வேண்டிய உலகம்.

4 மார்ச் 2024

"தாவர உண்ணி என்றால் தாவரம் மட்டும்" என்பதும் அவ்வளவு உறுதியில்லை. அமெரிக்காவின் யூட்டாவில் கிடைத்த சாணப் படிவங்களில் மட்கிய மரத்தோடு நண்டினத்து ஓடுகளும் கலந்திருந்ததை 2017இல் அதே கேரன் சின் காட்டினார். கூடு கட்டும் பருவத்தில் புரதத்துக்காகத் தின்றிருக்கலாம் என்பது ஒரு யோசனை.

11 ஆகஸ்ட் 2024

இழையை ஒருவர் தோண்டியெடுத்திருப்பதால், நடுவில் சொல்லாமல் விட்டுப்போன லிமுசாரஸ் என்ற சிறு டைனோசரைப் பற்றி. சீனாவின் சின்ஜியாங்கில் குஞ்சு முதல் பெரியது வரை 19 எலும்புக்கூடுகள். குஞ்சுக்குப் பல் உண்டு. வளர வளரப் பல் உதிர்ந்து, பெரியதற்கு வெறும் அலகு, வயிற்றில் அரைகற்கள். 2017இல் வெளியானது. உணவு மாறுகிறது என்று பல்தடத்தையும் எடையையும் வைத்து ஊகிக்க வேண்டியதில்லை இங்கே, வாயே வேறாகிவிட்டது. தனித்தனியாகக் கிடைத்திருந்தால் குஞ்சுக்கு ஒரு பெயர், பெரியதற்கு ஒரு பெயர் வைத்திருப்போம்.

வைக்கவும் செய்தோம், வேறு விலங்குகளில். டிராக்கோரெக்ஸ், ஸ்டிஜிமோலோக், பாக்கிசெஃபலோசாரஸ் மூன்றும் ஒரே விலங்கின் மூன்று வயது என்று 2009இல் ஹார்னரும் குட்வினும் வாதிட்டார்கள். அதன்பின் எதைப் பார்த்தாலும் குட்டி என்று சொல்லும் வழக்கம் கொஞ்சம் அதிகமாகவே பரவிவிட்டது என்பது என் எண்ணம்.

12 ஆகஸ்ட் 2024

பரிணாமத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பவருக்குச் சுருக்கமாக. பெரிதாக இரண்டு வழி: வேகமாக வளர்வது, அல்லது நீண்ட காலம் வளர்வது. 2023இல் மைக்கேல் டெமிக் குழு 42 தெரோபாட் (டி. ரெக்ஸும் சேர்ந்த, இரண்டு காலில் நடந்த கூட்டம்) இனங்களின் எலும்பை ஒப்பிட்டு, இரண்டு வழியும் ஏறக்குறைய சம அளவில் நடந்திருப்பதைக் காட்டியது. சிறிதாவதற்கும் அதே இரண்டு வழி, தலைகீழாக. ஒரே அளவுள்ள இரண்டு விலங்குகள் இருவேறு கதைகளின் முடிவாக இருக்கலாம். பறவைகளின் மண்டையோடு டைனோசர்க் குஞ்சின் மண்டையோட்டைப் பெரியவரானபின்னும் வைத்துக்கொண்டதுதான் என்ற 2012 ஆய்வும் இந்த வரிசையில் சேரும்.

15 ஜூன் 2025

நீள்கழுத்து டைனோசரின் வயிற்று உணவு முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், முழு வளர்ச்சி அடையாத டயமன்டினாசாரஸ். இலைகளைத் துண்டித்திருக்கிறது, மெல்லவில்லை. ஊசியிலை மரமும் இருக்கிறது, பூக்கும் தாவர இலையும் இருக்கிறது. தரையை ஒட்டியும் மேய்ந்தது, தலைக்கு மேலேயும் பறித்தது. குஞ்சாக இருக்கும்போது உயர மரம் எட்டாது. நடுவயதில் இரண்டும் கலந்து. ஒரே ஒரு வயிறு, ஆகவே அளவோடு நம்புகிறேன்.

குஞ்சைப் பற்றிச் சொன்னதும் நினைவுக்கு வந்தது: மடகாஸ்கரின் ராப்பெட்டோசாரஸ் என்ற நீள்கழுத்து டைனோசரின் குஞ்சு. முட்டையிலிருந்து வரும்போது 3.4 கிலோ, இறக்கும்போது 40 கிலோ. வயது 39க்கும் 77க்கும் இடைப்பட்ட நாள்கள். எலும்பு நுனியில் இருந்த அடையாளங்கள் பட்டினிச் சாவைக் காட்டுகின்றன. உடல் விகிதம் பெரியதைப் போலவே இருப்பதால் தாய் ஊட்டி வளர்த்திருக்க வாய்ப்புக் குறைவு. தானாகவே தேடித் தின்றிருக்க வேண்டும்.

1 நவம்பர் 2025

ஜனவரி 2024இல் போட்டு வைத்த கேள்விக்குறி வெடித்துவிட்டது. லிண்ட்சே ஜானோவும் ஜேம்ஸ் நாப்போலியும் மொன்டானாவின் 'சண்டையிடும் டைனோசர்கள்' படிவத்தில் டிரைசெராடாப்ஸோடு கிடந்த சிறிய டைரனோசாரை ஆராய்ந்து 'நேச்சரில்' எழுதியிருக்கிறார்கள். வயது 20 அளவில், வளர்ச்சி முடியும் நிலை. எடை ஏறக்குறைய 700 கிலோ. ஆகவே டி. ரெக்ஸ் குட்டி அல்ல; நானோடைரனஸ் தனி விலங்கு. ஜேனையும் அதே பேரினத்தில் வேறோர் இனமாகப் பிரித்துவிட்டார்கள்.

என்னை ஏற்கவைத்தது கோடுகள்கூட இல்லை, கைகள். அந்தக் கை வளர்ந்த டி. ரெக்ஸின் கையைவிடப் பெரிது. விலங்கு பத்து மடங்கு பெருக்கும்போது கை எலும்பு சுருங்குமா? பற்களின் எண்ணிக்கை, வால் முள்ளெலும்புகளின் எண்ணிக்கை எல்லாம் வேறு.

ஜேனுக்கு 13 வயது என்று 2020இல் சொன்ன எலும்புக் கணக்கு இதனால் பொய்யாகவில்லை. அது வளரும் விலங்குதான். யாருடைய பிள்ளை என்பதுதான் மாறியிருக்கிறது. ஆனால் 5,600 நியூட்டனை டி. ரெக்ஸ் விடலையின் கடியாக இனி யாரும் எடுத்தாளக் கூடாது.

2 நவம்பர் 2025

"அப்படியானால் நடு இருக்கை காலி என்ற உங்கள் கதையும் போயிற்று" என்று ஒருவர் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். ஒரு காட்டில் போயிற்று. டி. ரெக்ஸ் வாழ்ந்த அந்தக் கடைசிக் காலத்து வட அமெரிக்காவில் 700 கிலோ ஊனுண்ணி ஒன்று உட்கார்ந்திருந்தது உறுதி. மீதி சமூகங்களின் கணக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு சங்கடத்தை மறைக்க மாட்டேன்: மிக நன்றாகத் தோண்டப்பட்ட இடத்திலேயே நடு இருக்கைக்காரன் பல பத்தாண்டுகள் குட்டி என்ற பெயரில் ஒளிந்திருந்தான் என்றால், குறைவாகத் தோண்டிய இடங்களில் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்களோ. ஓட்டை உண்மையிலேயே ஓட்டையா, நாம் பெயர் வைத்த விதத்தால் விழுந்ததா என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் எலும்பை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

7 டிசம்பர் 2025

நானோடைரனஸ் என்ற பெயருக்கு உரிய மூலப் படிவம் 1942இல் எடுத்த ஒரு மண்டையோடு மட்டும்தான். அறுக்கக் காலெலும்பே இல்லை. இப்போது 'சயின்ஸ்' இதழில் அதன் தொண்டை எலும்பை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதிலும் வளர்ச்சிப் பதிவு இருக்கிறது, அதுவும் முதிர்ந்த விலங்கையே காட்டுகிறது. தொண்டை எலும்பை நான் தேய்த்ததே இல்லை, யாரும் கொண்டுவந்து கொடுத்ததும் இல்லை. எத்தனை மண்டையோடுகள் உடலில்லாமல் அலமாரிகளில் கிடக்கின்றன என்று யோசித்தால் ஆய்வாளர்களுக்குப் பல ஆண்டு வேலை இருக்கிறது.

8 டிசம்பர் 2025

"சரி, டைரனோசார் வயதுக்கேற்ப உணவை மாற்றியது என்பதற்கு இனி எதைக் காட்டுவீர்கள்?" நியாயமான கேள்வி. ஜேனை எடுத்துவிட்டாலும் இரண்டு மிஞ்சுகின்றன. ஒன்று, சிட்டிபீஸ் கால்களோடு இறந்த கோர்கோசாரஸ். அதன் அடையாளத்தில் இந்தச் சண்டை இல்லை. இன்னொன்று, மங்கோலியாவின் டார்போசாரஸ் (டி. ரெக்ஸின் நெருங்கிய உறவு) குட்டி, 2 அல்லது 3 வயது, 2011இல் விவரிக்கப்பட்டது. மண்டையோடு 30 செ.மீ.க்கும் குறைவு, பெரியதன் முறுக்கும் அழுத்தமும் தாங்கும் கட்டமைப்பு அதில் இல்லை. சிறிய இரையைத்தான் பிடித்திருக்கும் என்று அவர்கள் அப்போதே எழுதிவிட்டார்கள்.

டி. ரெக்ஸுக்கு மட்டும் தனியாகச் சொல்ல, சந்தேகமில்லாத விடலை எலும்புக்கூடுகள் வேண்டும். 2004 வளைகோட்டின் செங்குத்தான பகுதிக்கும் அவையே தேவை. அதில் மிகச் சிறிய விலங்குகளைக் குறிக்கும் புள்ளிகளில் எது டி. ரெக்ஸ், எது நானோடைரனஸ் என்று பிரித்து அந்த வளைகோட்டை மறுபடி வரைய வேண்டியிருக்கும். 14 வயது என்ற தொடக்கம் அப்படியே நிற்குமா, நகருமா என்பதற்கு இப்போதைக்கு நான் பந்தயம் கட்டமாட்டேன்.